குப்பை அள்ளும் சூரிய ஒளிப் படகு: மோட்டார் நீரில் நின்றுவிடுவது குறித்து

ஒரு சிறுமி வரைந்த படத்தைக் கொண்டு நீங்கள் செய்துவரும், குப்பையை வலையில் அள்ளும் படகின் மோட்டார் நீரில் இறக்கியதும் ஏன் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சூரிய ஒளிப் பேனலை நேரடியாக மோட்டாருடன் இணைக்காமல், இடையில் மூன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை (மீண்டும் மின்னேற்றக்கூடிய பேட்டரிகளை) ஒன்றோடொன்று தொடராக இணைத்து வையுங்கள்; பேனல் செல்களை மின்னேற்றட்டும், மோட்டார் செல்களிலிருந்து ஓடட்டும். கையில் பிடித்திருக்கும்போது சுழன்று, குளத்தில் இறக்கியதும் நின்றுவிடுகிற உங்கள் மோட்டார் அதன்பின் பெரும்பாலும் நிற்காது.

மோட்டார் பழுதாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் குறிப்பிட்ட 6 வோல்ட், 1 வாட் பேனல் நல்ல வெயிலிலும் சுமார் 0.17 ஆம்பியர்தான் தரும். காற்றில் சுழல அது போதும். ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு புறப்படும் கணத்தில் மோட்டார் அதைப் போலப் பல மடங்கு கேட்கும், பேனலால் அதைத் தர இயலாததால் மின்னழுத்தம் சரிந்து சுழற்சி நின்றுவிடும்.

உறுதிசெய்ய, முதலில் சுழலியின் (நீரைத் தள்ளும் விசிறியின்) தண்டில் பாசியோ நூலோ சுற்றவில்லை என்று பாருங்கள். பிறகு மோட்டார் நீரில் நிற்கும்போதே பேனலின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். அளவு வெகுவாக இறங்கியிருந்தால் காரணம் இதுவே. 6 வோல்ட்டுக்கு அருகிலேயே இருந்தால், எங்கோ ஓர் இணைப்பு விட்டிருக்கிறது.

செல்களின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணியாவது இருக்கட்டும். இருட்டில் மின்சாரம் பேனலுக்குத் திரும்பாதிருக்க மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடும் தேவை. குழந்தை கையாளப்போகும் படகில் பாதுகாப்பு மின்சுற்று இல்லாத லித்தியம் செல்லை எக்காரணம் கொண்டும் வைக்க வேண்டாம்.

அந்தச் சிறுமி வரைந்த பின்பக்க வலையைத் தயவுசெய்து கைவிடாதீர்கள், அவளுடைய யோசனையின் உயிரே அதுதான். வலையின் கண்களை (துளைகளை) மட்டும் சற்றுப் பெரிதாக்கினால், படகைப் பின்னிழுக்கும் நீரின் இழுவையும் குறையும், தலைப்பிரட்டைகளும் சிக்காமல் தப்பும்.