கறுப்புக் கசடும் அப்பாவின் சேமிப்பும்

கேள்வி: ஈஸ்டர் லீவில் வீட்டில் எதையோ கலக்கிப் பார்த்த 18 வயதுப் பையன் வில்லியம் பெர்க்கின், தற்செயலாகச் சாயம் கண்டுபிடித்து ஆலை முதலாளியே ஆகிவிட்டார். சிப்காட் வாசலிலேயே வளரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் அடிப்பதில்லையே, ஏன்?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அதிர்ஷ்டம் அவருக்குக் கொடுத்தது கொஞ்சம் கறுப்புக் கசடு. அவ்வளவுதான். 1856இல் லண்டனில், மலேரியா மருந்தான குயினைனைச் செய்யப் போனார். நிலக்கரித் தாரிலிருந்து செய்யும் அனிலின் என்ற திரவத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சேர்த்தார். அடியில் கரி மாதிரி ஏதோ தங்கியது. நீங்களோ நானோ என்றால் சாக்கடையில் கொட்டியிருப்போம். அவர் ஆல்கஹால் விட்டுப் பார்த்தார், ஊதா இறங்கியது. பட்டில் தோய்த்து, ஸ்காட்லாந்தின் பெர்த் ஊர்ச் சாயக்காரர்களுக்கு அனுப்பி, தேறுமா என்று கேட்டார். அந்த ஆகஸ்டிலேயே காப்புரிமை.

அதிர்ஷ்டத்தின் கணக்கு அங்கே முடிந்தது. அனிலின் அப்போது டின் டின்னாகக் கிடைக்கும் சரக்கல்ல. நிலக்கரித் தாரின் பென்சீனை நைட்ரோபென்சீனாக்கி, அதில் இரும்புத் தூளும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து அனிலினாக்க வேண்டும். அதற்கு வேண்டிய வீரியத்தில் நைட்ரிக் அமிலம் கிடைக்கவில்லை. சிலி வெடியுப்பையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் சமாளித்தார். பட்டில் ஒட்டிய சாயம் பருத்தியில் ஒட்ட மறுத்தது. டானின் என்ற துவர்ப்புப் பொருளைப் போட்டு அதற்கும் வழி கண்டார்கள். (கடுக்காய்த் தண்ணீரில் துணியை ஊறவைக்கும் நம் சாயக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் பழசு.)

சரி, யார் பணம்? அப்பா ஜார்ஜ் கட்டட வேலைக்காரர். மகன் கட்டடக் கலைஞனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கல்லூரியில் அவருக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஹாஃப்மனுக்கோ பையன் கல்லூரியை விட்டுப் போவதே பிடிக்கவில்லை. ஆனாலும் அப்பா தன் சேமிப்பைப் போட்டார், அண்ணன் தாமஸ் கூட வந்து நின்றார், 1857இல் கிரீன்ஃபோர்டில் ஆலை எழுந்தது. உங்கள் பையன் காலேஜை விட்டுவிட்டு வந்து, ஒரு பாட்டில் ஊதாத் தண்ணீரைக் காட்டி, "அப்பா, வீட்டுப் பத்திரத்தை எடுங்க" என்றால் என்ன செய்வீர்கள்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கிரீன்ஃபோர்டு ஆலையோரமும் ஒரு கால்வாய் ஓடியது. அன்றன்றைக்குச் செய்யும் சாயத்துக்கு ஏற்றபடி அதன் தண்ணீர் நிறம் மாறும் என்பார்கள். சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றின் கரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாம் பின்தங்கவில்லை.

1869இல் பெர்க்கின் அலிசாரின் என்ற சிவப்பைச் செயற்கையாகச் செய்ய வழி கண்டார். ஜெர்மன்காரர்கள் ஒரே ஒரு நாள் முந்திக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். அந்த அலிசாரின் வேறொன்றும் இல்லை, நம் கரையோரச் சாயவேரிலும் இருப்பதுதான். இம்பூறல் என்றால் உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த வேர் அது. பெர்க்கின் 1874இல், 36 வயதில், ஆலையை விற்றுவிட்டு ஆராய்ச்சிக்கே திரும்பிவிட்டார். நம் சாயவேர் தோண்டியவர்களுக்குத் திரும்பிப் போக ஆய்வுக்கூடம் ஏது?

பையனை ஒருநாள் தேவனாம்பட்டினம் பக்கத்து மணலுக்குக் கூட்டிப்போய் அந்தச் செடியைத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் வேரை இடித்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்கட்டும். அடுக்களையில் கறை பட்டால் திட்டாதீர்கள்.