வெட்டிய சீமைக்கருவேலம் ஏன் ஐந்து மடங்காகத் திரும்பி வருகிறது?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. எட்டு வருடம் தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலங்காடு ஆகிவிட்டது. போன கோடையில் விறகு வியாபாரி ஒருவர் கூலி வாங்காமல் வெட்டிக் கொடுத்தார். மழை பெய்ததும் ஒன்றுக்கு ஐந்தாக வந்துவிட்டது. மண்ணில் ஏதாவது கோளாறா? மருந்து ஊற்றலாமா?

பதில்: உங்கள் மண் நன்றாகத்தான் இருக்கிறது. வியாபாரி காட்டை அழித்துத் தரவில்லை. அறுவடை செய்துகொண்டு போயிருக்கிறார்.

இந்த மரத்தின் உயிர்நிலை தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் தூரில் இருக்கிறது. அங்கே உறங்கும் மொட்டுகள் நிறைய உண்டு. மேலே மரம் நிற்கிறவரை அவை சும்மா கிடக்கும். வெட்டினால் எல்லாம் சேர்ந்து விழித்துக்கொள்ளும். எட்டு வருட வேர் கீழே அப்படியே இருப்பதால் புதுத் தளிருக்குத் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது.

கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது அத்துப்படி. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதே கட்டையிலிருந்து வெட்டித்தான் அந்தத் தொழில் நடக்கிறது. விலை பேசி, பணம் கொடுத்து வெட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மழை பொய்த்த வருடங்களில் அந்தப் பக்கத்தில் பல வீட்டு அடுப்பு எரிவதே கரியால்தான். ஆனால் "சுத்தமா எடுத்துத் தர்றேன், கூலியே வேணாம்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுப் போகிறாரே, அவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அடுத்த தடவை "தூரோடு" என்று முதலிலேயே பேசுங்கள். தூர் எடுத்து முடித்த பகுதியின் விறகை மட்டும் வண்டியில் ஏற்ற விடுங்கள். விறகு போய்விட்டால் ஆள் திரும்பி வரமாட்டார்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வலை உண்டு. ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. "ஆணிவேர் முழுசா வராட்டி திரும்ப முளைச்சிடும்" என்று பயமுறுத்தி ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டுவார்கள். அது தேவையே இல்லை. தரையிலிருந்து ஒரு அடி ஆழத்துக்குத் தூரை எடுத்தால் போதும். அதற்குக் கீழே உள்ள வேர் துளிர்க்காது, மண்ணிலேயே மக்கட்டும்.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். லேபிள் இல்லாத கேனில் வருவது எதையும் வாங்காதீர்கள். டீசல், ஆசிட், உப்பு எதுவும் வேண்டாம். மரம் பிழைத்தாலும் பிழைக்கும், மண் கெடுவது நிச்சயம்.

தூரை எடுத்த பிறகும் விதை மிச்சமிருக்கிறது. பலரும் கோட்டைவிடுவது இதில்தான். இதன் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் தேடித் தின்னும். இலையைத் தொடாது. அதாவது, சுற்றி முளைத்த மற்ற செடிகளை மேய்ந்து இடத்தைக் காலிசெய்துவிட்டு, அங்கேயே இதன் விதையை எருவோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போகும். வயிற்றுக்குள் போய் வந்ததில் விதையின் கெட்டித் தோல் இளகி, முளைக்கத் தயாராக இருக்கும். முளைக்காதவை மண்ணுக்குள் பல வருடம் காத்திருக்கும். அதனால் நெற்று உதிரும் காலத்தில் உங்கள் நிலத்தில் ஆட்டுக்கிடை போடாதீர்கள். உரம் என்று நினைத்துக் காட்டை விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும்.

நடு, தென் அமெரிக்கப் பக்கத்து மரம் இது. 1877-ல் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது விதை வந்தது, அதைக் கட்டுக்குள் வைத்திருந்த பூச்சிகள் கூட வரவில்லை. சப்பாத்திக்கள்ளியும் இப்படித்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியாவை மூடியது. 1926-ல் அதற்கேற்ற மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. சீமைக்கருவேலத்துக்கு இங்கே அப்படி ஒரு பூச்சி கிடையாது. கடப்பாரைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஜேசிபிக்காரர் இதைப் பார்க்க மாட்டார். முள் இருப்பதெல்லாம் சீமைக்கருவேலம் ஆகாது. நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிகோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். சீமையின் பூ விரல் நீளக் கதிர், காய் அவரை மாதிரி பட்டையாக நீண்டிருக்கும். குழப்புவது வன்னி. அதற்கும் கதிர்ப்பூதான், நெருங்கிய சொந்தம்கூட. முள்ளைப் பாருங்கள். சீமையில் இலை கிளம்பும் கணுவில் நேராக நீண்ட முள், பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். வன்னியில் கணுவுக்குக் கணு நடுவே அங்கங்கே சிறிய முள் சிதறியிருக்கும். பூவும் காயும் இல்லாத நேரத்தில் சந்தேகம் வந்தால் அந்த மரத்தை மட்டும் விட்டுவிட்டு, பூக்கும்வரை பொறுங்கள். ஒரு வன்னி அந்த உயரத்துக்கு வர உங்கள் பேரன் காலம் ஆகும்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக இயந்திரம் இறங்கியது. அயல் களைச்செடிகளுக்கென்று 2022-ல் அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. எல்லாம் சரி. வெட்டிய ஏக்கரை எண்ண ஆள் இருக்கிறது, அடுத்த மழையில் முளைத்த கன்றைப் பிடுங்க யாருக்கு ஐயா ஒதுக்கீடு? மொட்டையாக விட்ட மண் இந்த விதைக்கு நாற்றங்கால்.

ஆகவே தூர் எடுத்த உடனே எதையாவது விதையுங்கள். சோளமோ கொள்ளோ, தரையை மூடுகிற எதுவும் சரி. சீமைக்கன்றுக்கு நிழல் ஆகாது. ஐப்பசி மழையில் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு நடை போய், சாண் உயரத்துக்குள் இருக்கிற கன்றுகளைக் கையாலேயே வேரோடு பிடுங்குங்கள். கார்த்திகை கடைசியில் இன்னொரு நடை. அடுத்த இரண்டு மூன்று வருடமும் இதையே செய்ய வேண்டும். தை பிறந்து மண் காய்ந்துவிட்டால் கைக்கு வராது, மறுபடி கடப்பாரையைத் தூக்க வேண்டியதுதான்.