வர்க்கி பாக்கெட்டும் தோடர் பூவேலையும்

வணக்கம் சார்,

என் மகன் கோவையில் சுவர்களில் படம் வரைகிறான். அடுத்து ஒரு கேலரியில் கண்காட்சி வைக்கப்போகிறான். ஊட்டி வர்க்கி பாக்கெட், டீத்தூள் டப்பா எல்லாவற்றையும், கடைப் பொருட்களையே ஓவியமாக்கும் பாப் ஆர்ட் பாணியில் பெரிதாகத் தீட்டி, மேலே நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூவேலைத் தையல் டிசைனை ஸ்கிரீன் பிரிண்ட் செய்வதாகத் திட்டம். தெருவில் வரைகிறவன் கேலரிக்குள் போகலாமா? மரபுக் கைவேலையை இப்படிக் கலந்தால் கெட்டுப்போகாதா?

ரா., கோத்தகிரி

அன்புள்ள ரா.,

முதல் கேள்விக்காக உங்கள் தூக்கம் கெட வேண்டாம். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் காலி விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில் சாக்பீஸால் வரைந்துகொண்டிருந்த கீத் ஹேரிங், 1982-லேயே கேலரியிலும் காட்சி வைத்தார். அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் கோத்தகிரிப் பக்கத்து ஆலு குறும்பர் பழங்குடியினரின் ஓவியம், வீட்டுச் சுவரில் மண்ணும் வேங்கை மரப் பாலும் கொண்டு வரைந்ததுதானே! இன்று அது தாளில் விலைக்குக் கிடைக்கிறது.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கலப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. எதை எடுத்துக் கலக்கிறான் என்பதுதான் என் கவலை. போர்ச்சுகலில் ஆட் ஃப்யூயல் என்ற பெயரில் இயங்கும் தெருக்கலைஞர் தியோகோ மஷாடு, அந்நாட்டின் பழைய நீல வெள்ளை ஓடுகளைக் கையில் எடுத்தார். தள்ளி நின்றால் பாட்டி காலத்து ஓடு மாதிரி இருக்கும். கிட்டே போனால் பூக்களுக்கு நடுவே கார்ட்டூன் பூதங்கள் பல்லிளிக்கும். தெருச் சுவரில் ஸ்டென்சில் வைத்து அடிக்கிறவர், நிஜப் பீங்கான் ஓட்டிலும் வேலை செய்கிறார். டிசைனோடு நிற்காமல் தொழிலுக்குள்ளும் போயிருக்கிறார்.

உங்கள் மகன் டிசைனை மட்டும் எடுக்கிறான். தோடர் பூவேலையில் டிசைன் பாதிகூட இல்லை. துணியில் பென்சில் கோடு கிடையாது, துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச்சட்டம் கிடையாது. பெண்கள் நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக நூல் கோக்கிறார்கள். நூல் திரும்புகிற இடத்தில் இறுக்காமல் கொஞ்சம் தொய்வு விடுவார்கள். அதனால்தான் தடவினால் மேடு தட்டுகிறது. நாம் பின்பக்கம் என்று நினைக்கிற அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு முகப்பு. ஸ்கிரீன் பிரிண்டில் இதில் எது மிஞ்சும்? 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் அச்சடித்த போலிகள் நிற்கவில்லை. அந்த வரிசையில் உங்கள் மகனும் போய் நிற்க வேண்டுமா?

பாப் ஆர்ட் என்றாலே அச்சு என்று அவன் வாதாடுவான். அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹால் 1962-இல் காட்சிக்கு வைத்த 32 சூப் டப்பா ஓவியங்களும் பார்க்க அச்சு மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் கையால் தீட்டியவை என்று சொல்லுங்கள்.

அவனை ஒரு மந்துக்கு, அதாவது தோடர்களின் குடியிருப்புக்கு, அழைத்துப் போங்கள். வர்க்கி பாக்கெட்டை அவன் வரையட்டும், பூவேலையைத் தோடர் பெண்களே போடட்டும். கான்வாஸைக் கொண்டுபோய் நீட்டிவிடாதீர்கள். அந்த நெருக்கமான நெசவில் இழை எண்ணினால் கண் போய்விடும். இழை தெரிகிற பருத்தித் துணி எது என்று அவர்களையே கேட்டு வாங்கி, அதை எப்படிக் கான்வாஸோடு சேர்ப்பது என்று அவன் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். படம் விற்றால் பங்கு உண்டா என்பதையும்தான். படத்துக்குக் கீழே ஒட்டுகிற சீட்டில், அவர்கள் சம்மதித்தால், தைத்தவர் பெயரும் அவன் பெயர் அளவு எழுத்திலேயே வரட்டும்.

அப்புறம், கண்காட்சித் தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.