அலமாரியில் தூங்கும் நாலு கண்ணாடிகள்

கேள்வி: என் சித்தப்பா வீடு மாறுகிறார். 2012-இல் வாங்கிய 3டி டிவியை, கண்ணாடிகளோடு சேர்த்துச் சொற்ப விலைக்குத் தருகிறேன் என்கிறார். ‘இப்போது கடையில் கிடைக்காத பொருள், விட்டுவிடாதே’ என்று மைத்துனர் வேறு ஏற்றிவிடுகிறார். வாங்கலாமா?

பதில்: கடையில் கிடைக்காது என்பது உண்மைதான். ஏன் கிடைப்பதில்லை என்றும் மைத்துனரிடம் கேட்டிருக்கலாம்.

நானும் 3டி டிவி வாங்கியவன். 2009 டிசம்பரில் ‘அவதார்’ வந்தபோது தியேட்டரில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருடமே சாம்சங், பானாசோனிக், சோனி, எல்ஜி என்று ஒவ்வொன்றாக 3டி டிவியோடு வந்து நின்றன. 2011-இல் நான் மாட்டிக்கொண்டேன். டிவியோடு இரண்டு கண்ணாடி கொடுத்தார்கள். வீட்டில் அப்பா, அம்மா, மகள், நான் என்று நாலு பேர். ஆக, முதல் கூடுதல் செலவு இன்னும் இரண்டு கண்ணாடி.

முதல் வாரம் அமர்க்களம். கடலடிக் காட்சிகள் உள்ள ஒரு டிஸ்க்கைப் போட்டோம். ஜெல்லி மீன் ஒன்று திரையை விட்டு வெளியே மிதந்து வந்தது. அம்மா தன்னையறியாமல் கையை நீட்டித் தொடப் போனார்! போட்ட காசில் பாதி அந்த ஒரு நிமிடத்துக்கே சரியாகப் போயிற்று என்று இப்போதும் சொல்வேன்.

மீதிப் பாதிதான் வரவே இல்லை. தியேட்டரில் இருட்டு, எல்லாரும் நேராக உட்கார்ந்திருப்போம், படம் முடியும்வரை வேறு வேலையும் கிடையாது. வீட்டில் அப்படியா? என் மகளுக்குச் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தால்தான் டிவி பார்த்த மாதிரி இருக்கும். படுத்தால் 3டி போச்சு. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அதனால் இரண்டும் கொஞ்சம் வேறு வேறு படங்களைப் பார்க்கின்றன. மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை அறிந்துகொள்கிறது. 1838-லேயே சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் காட்டும் கருவி ஒன்றைச் செய்து இதை விளக்கிவிட்டார். இன்றைய 3டி வரைக்கும் அதே வித்தைதான். திரையில் வரும் இரண்டு படங்களும் பக்கவாட்டில் விலகியிருக்கின்றன. படுத்துப் பார்ப்பவரின் கண்களோ ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. சேர்த்துப் பார்க்க முடியாமல் மூளை கையை விரித்துவிடும்.

என்னுடையது ஷட்டர் கண்ணாடி வகை. திரை வினாடிக்கு 120 தடவை இடக்கண் படம், வலக்கண் படம் என்று மாற்றி மாற்றிக் காட்டும். அதே தாளத்தில் கண்ணாடியும் ஒரு கண்ணை மறைத்து இன்னொன்றைத் திறக்கும். ஒவ்வொரு கண்ணும் பாதி நேரம் மூடியே இருந்தால் படம் மங்காமல் என்ன செய்யும்? மங்கலாக இருக்கிறதே என்று டியூப்லைட்டை அணைத்தால் அப்பா பேப்பர் படிக்க முடியாது. லைட்டைப் போட்டால், கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது டியூப்லைட் படபடவென்று துடிக்கும். அம்மா மூக்குக்கண்ணாடி போட்டவர். அதன் மேல் இதையும் மாட்டி, அது நழுவ நழுவ ஒரு விரலால் தள்ளிக்கொண்டே இருந்து, அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டார். கழற்றினால் திரையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஒன்று அவர் எழுந்து போக வேண்டும், இல்லை எல்லாருக்குமே 3டியை நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்தது இரண்டாவது.

சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், பார்க்க என்ன இருந்தது? 2010 உலகக் கோப்பைக் கால்பந்தோடு அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் ஒரு 3டி சேனல் தொடங்கியது, 2013-இல் மூடியது. அதே வருடம் பிபிசியும் தன் 3டி முயற்சியை நிறுத்தி வைத்தது. சேனல் இல்லாததால் டிவி வாங்க ஆள் இல்லை. ஆள் இல்லாததால் சேனல் இல்லை. சாம்சங் 2016-இல் விலகியது. எஞ்சி நின்ற எல்ஜியும் சோனியும் 2017-இல் கடையைக் கட்டின. 2016-இல் வந்த 4கே ப்ளூரே டிஸ்க்கில் 3டிக்கு இடமே வைக்கவில்லை.

இப்போது உங்கள் விஷயம். பழைய சாதாரண டிவிக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். 3டிக்கென்று ஒரு காசும் கூட்டாதீர்கள். பணத்தை நீட்டும் முன் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, சுவிட்சோடு இருந்தால் ஷட்டர் வகை. பத்து வருடத்துக்கு மேல் ஆனதால் உள்ளே இருக்கும் பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஏறவில்லை என்றால் அதே மாதிரி கண்ணாடி தேடி அலைய நேரிடும். இறகு மாதிரி லேசாக, பேட்டரியே இல்லாமல் இருந்தால் போலரைஸ்டு வகை, அதாவது ஒளியை வடிகட்டி இரண்டு கண்ணுக்கும் படத்தைப் பிரித்துக் கொடுப்பது. அதுவானால் கவலை குறைவு. சில தியேட்டர்களில் தரும் கண்ணாடியே அதற்குப் பொருந்தும். ஒன்று உடைந்தாலும் உயிர் போய்விடாது. அந்த வகையில் ஒரு கண்ணுக்குத் திரையின் பாதி வரிகள்தான் போகும் என்பதால் கிட்டத்தில் உட்கார்ந்தால் கோடு கோடாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், போதும். அப்புறம், 3டி ப்ளூரே ஓடும் பிளேயரும் சித்தப்பாவிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டு எதைப் பார்ப்பது?

கேள்வி: 3டி பார்த்தால் எனக்குத் தலைவலி வருகிறது. என் கணவருக்கோ ஆழமே தெரிவதில்லையாம். கண் கெட்டுவிடுமா?

பதில்: உங்கள் விரலை முகத்துக்கு நேரே நீட்டி, மெல்ல மூக்கருகே கொண்டு வாருங்கள். இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும். கூடவே கண்ணின் லென்ஸும் கிட்டே இருப்பதைப் பார்க்க ஏற்றபடி மாறும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கிற வேலை. 3டியில் பந்து முகத்துக்கு எதிரே வரும்போது கண்கள் பந்துக்குத் திரும்புகின்றன. ஆனால் ஒளி வருவது திரையிலிருந்து. அதனால் லென்ஸ் திரையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இழுபறிதான் தலைவலிக்கு முக்கியக் காரணம். நிறுத்தி ஓய்வு கொடுத்தால் போய்விடும். கண் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் கணவர் மட்டும் ஒரு முறை கண் மருத்துவரைப் பார்த்துவிடட்டும். மாறுகண், ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைவு போன்றவை இருந்தால் இரண்டு படங்களும் மூளையில் சேராது. அவருக்கு ஆறுதலாக ஒன்று: 1953-இல் ஹாலிவுட்டில் பெரிய வெற்றி பெற்ற 3டி படம் ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’. அதை இயக்கிய ஆந்த்ரே த தோத்துக்கு ஒரு கண்தான். தான் எடுத்த படத்தின் ஆழத்தை அவர் பார்த்ததே இல்லை.

கேள்வி: ரிமோட்டில் சாதாரணப் படத்தை 3டி ஆக்கும் பொத்தான் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. எது கிட்டே, எது தூரத்தில் என்று டிவியே ஊகித்துக்கொள்ளும். என் வீட்டில் செய்தி வாசிப்பவரின் டை மட்டும் தனியாக வெளியே வந்து நின்றது. அன்றோடு அந்தப் பொத்தானைத் தொடவில்லை.

கேள்வி: கண்ணாடி இல்லாத 3டி டிவி வரும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?

பதில்: சாய்த்தால் கண்ணடிக்கும் வரிவரிப் படங்களைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே உத்திதான். வரிவரியான லென்ஸோ தடுப்போ வைத்து, இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று படத்தைப் பிரித்து அனுப்புவார்கள். கையில் பிடித்து ஒருவர் விளையாடும் கருவிக்கு அது சரி. 2011-இல் நின்டெண்டோ 3டிஎஸ் அப்படித்தான் வந்தது. சோபாவில் நாலு பேர் என்றால் நாலு இடத்துக்கும் தனித்தனியாகப் படம் அனுப்ப வேண்டும்; திரையின் புள்ளிகளை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்வதால் தெளிவு குறையும். தலை சற்று நகர்ந்தாலே படம் தாவும். நான் காத்திருக்கப் போவதில்லை.

கேள்வி: உங்கள் 3டி டிவி என்ன ஆயிற்று? ஆசை விட்டுப்போயிற்றா?

பதில்: டிவி இன்னும் ஓடுகிறது, சாதாரண டிவியாக. கண்ணாடி நாலும் அலமாரியில் இருக்கின்றன. இரண்டுக்கு உயிர் இல்லை. ஆசை விடவில்லை. போன வருடம் நண்பர் ஒருவர் தலையில் மாட்டும் விஆர் கருவியில் ஒரு 3டி படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் திரை, மங்கல் இல்லை, ஒரு கண்ணின் படம் மறு கண்ணில் நிழலாகத் தெரிவதும் இல்லை. இத்தனை சுத்தமான 3டியை நான் டிவியில் பார்த்ததே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரோ, நான் எதைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் செல்போனை எடுத்துக்கொண்டார்.