திருவொற்றியூரில் தினமும் ஓட்டவும், வார இறுதியில் இரண்டு சைக்கிளோடு பழவேற்காடு போகவும் எந்தப் பழைய வேன் சரி?

ஐந்து இருக்கை மாருதி ஈக்கோ போதும். அகலம் ஒன்றரை மீட்டருக்குள்தான், தண்டையார்பேட்டைத் தெருக்களில் திருப்பலாம். மாருதியின் பழைய வேன் ஓம்னியின் தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம். பார்க்கப் போகும்போது சைக்கிளையே எடுத்துப் போய் ஏற்றிப் பாருங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் சுமார் 140 செ.மீ. நீளம் வேண்டும். சிஎன்ஜி சிலிண்டர் பின்னால் இருந்தால் அந்த இடம் போய்விடும்.

நம் பக்கத்தில் முதல் எதிரி உப்புக்காற்று. இன்ஜினைக் கேட்பதற்கு முன் தரைவிரிப்பைத் தூக்குங்கள். தள்ளுகதவின் கீழ்த்தண்டவாளம், கதவின் அடி ஓரம், ஜாக்கி வைக்கும் இடம் மூன்றிலும் துரு பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். அடித்தகடு ஓட்டையாகியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்தாலும் பக்கத்திலேயே மறுபடி அரிக்கும். சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். அடியில் சேற்றுக்கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி, வயரிங் தொல்லை ஓயாது.

கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே கிளட்ச் தேய்ந்திருக்கும். மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் போர்டு (வாடகை வண்டி) வேண்டாம், எஃப்சி (தகுதிச் சான்று), பர்மிட் அலைச்சல். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கையில் வந்தபிறகே பணம் கொடுங்கள்.

ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். லீவர் தெரியாமல் அழுந்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் திரும்ப நுழையாது.