சமய ஈடுபாடு பதின்ம வயதினரின் நடத்தையை மாற்றுமா?

சமய ஈடுபாடு என்பது கடவுள் நம்பிக்கையை மட்டும் குறிப்பதன்று. வழிபாட்டில் பங்குபற்றுவதும், சமயக் குழுவொன்றில் ஒருவராக இருப்பதும், அந்த நம்பிக்கையை மனத்தில் வைத்து அன்றாட முடிவுகளை எடுப்பதும் அதில் அடங்கும்.

1969இல் அமெரிக்கச் சமூகவியலாளர்களான ட்ராவிஸ் ஹர்ஷியும் ரொட்னி ஸ்டார்க்கும் கலிபோர்னிய மாணவர்களை ஆராய்ந்து, தேவாலயம் செல்வதும் சாத்தானையும் மறுமையையும் நம்புவதும் அவர்களின் தவறான செயல்களைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றனர். ஆனால் 1982இல் ஸ்டார்க், சுற்றியிருப்போரில் பெரும்பாலானோர் சமய ஈடுபாடு உடையவர்களாக இருக்கும் இடங்களிலேயே சமய ஈடுபாட்டுக்கும் தவறுகள் குறைவதற்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிகிறது என்று விளக்கினார். நம்பிக்கையைவிட உறவுகளே அதிகம் வேலை செய்கின்றன என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் 25 நாள் திருவிழா நடக்கும்போது தண்ணீர்ப்பந்தலில் மோர் வார்க்கும் பையனைக் கவனித்தால் இது புலப்படும். மூத்த தொண்டர்கள் அவனை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார்கள், அயலவர்கள் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், இரண்டு நாள் காணவில்லையென்றால் "எங்கே தம்பி, ஆளைக் காணவில்லை?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் பிள்ளைக்கும் இதுவே கிடைக்கிறது. தனியே நட்ட கதியால் (வேலிக்கு நடும் தடி) காற்றுக்குச் சாய்ந்துவிடும், வரிசையாக நட்டு வரிந்து கட்டினால் வேலியாக நிற்கும் அல்லவா, அதைப் போன்றதுதான் இது. வற்புறுத்திக் கோயிலுக்கு இழுத்துச் செல்லப்படும் பிள்ளைக்கு இந்தப் பிணைப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

கோயிலுக்குப் போகாத பிள்ளை கெட்டுவிடும் என்று பலர் கருதுவது தவறு. ஆய்வுகள் கூறுவது கூட்டத்தின் பொதுப் போக்கையே, அதைக் கொண்டு ஒரு தனிப்பிள்ளையின் குணத்தைக் கணிக்க முடியாது.