நாலு மணிச் சத்தம்

கேள்வி: மதுரையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உடம்பைத் தேற்ற ஜிம்மில் மூன்று மாதப் பணம் கட்டினேன். ஒன்பது நாள்தான் போனேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் கூச்சம். வீட்டில் செய்தால் சோம்பல். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம் என்றால் காலையில் எழ முடிவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அம்மா இரண்டாவது மாடிக்குக் குடம் தூக்கும் சத்தத்தில் (பாவம்) தூக்கமும் கெடுகிறது. எனக்கு எந்த இடம் சரிப்படும்? ஆர்வம் வர என்ன வழி?

பதில்: ஜிம்மா, வீடா, மைதானமா என்ற கேள்வி வராத மாதமே இல்லை. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் புது ஷூ வாங்கிப் பத்தாம் நாள் நின்றுபோனவர்கள். கூச்சத்துக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. அங்கே அவரவர் கண்ணாடியில் அவரவர் புஜத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கண் நின்றது உங்கள் அடைப்புக்குறிக்குள். பாவமாம். விழிப்பு வருகிறது, அம்மா படியேறுவது கேட்கிறது, 'பாவம்' என்று நினைத்துவிட்டுப் புரண்டு படுக்கிறீர்கள். அப்புறம் காலையில் எழ முடியவில்லை என்று எனக்குக் கடிதம்! எழ முடியாதவருக்கு நாலு மணிச் சத்தம் எப்படித் தம்பி கேட்டது?

இன்ஜினியரிங் படிக்கிறீர்களே, கணக்குப் போடுங்கள். பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர் பிடிக்கும், 15 கிலோ. எட்டுக் குடம் என்று வைத்தாலே 120 கிலோ, எட்டு முறை இரண்டு மாடி. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தசை வேலையை உங்கள் வீட்டில் உங்களுக்கும் சேர்த்து அம்மாவே செய்துவிடுகிறார்.

தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் என்ற கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கினவனுக்குத்தான் பெண் என்று ஒரு காலம் இருந்தது. ஊரே சுற்றி நின்று பார்க்கும். அது கிடக்கட்டும்.

ஆர்வம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வந்து நான் பார்த்ததில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் மூச்சு குறைவாக வாங்குகிறது என்று தெரியும்போது வரும். நாம் போகாவிட்டால் ஒருவருக்குக் கஷ்டம் என்றாலும் வரும். ஜிம்மில் நீங்கள் வராததால் யாருக்கு என்ன நஷ்டம்? வளர்ந்த பிள்ளை படுத்திருக்க, பெற்றவள் தண்ணீர் சுமக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் ஆர்வத்தைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

குடத்தை இடுப்பில் வைக்காதீர்கள், ஒரே பக்கம் பாரம் ஏறும். பாதி நிரப்பிய இரண்டு வாளி, கைக்கு ஒன்று. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். படியில் தண்ணீர் சிந்தியிருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். தண்ணீர் வராத நாளில் தெப்பக்குளம். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஜிம்முக்குக் கட்டின நாள் மிச்சமிருந்தால், ஒரு நண்பனை இழுத்துக்கொண்டு மாலையில் போங்கள்.

ஒன்று மட்டும். "நான் தூக்கட்டுமாம்மா?" என்று படுக்கையிலிருந்து கேட்காதீர்கள். "படிக்கிற பிள்ளை, நீ தூங்குடா" என்றுதான் பதில் வரும். எழுந்து போய் வாளியை எடுத்துக்கொள்ளுங்கள்.